பொன்னாடையால் தீருமோ இக்கடன்?

பொதுப்பணிக்கென முன்வந்து தலைமைப் பொறுப்பை ஏற்பவர்களை நம் சமுதாயம் இரண்டு வகைகளில் கைவிடுகிறது. பொன்னாடை போர்த்திக் கைவிடுவது ஒருவகை. ‘அவர் அல்லாஹ்வுக்காகச் செய்கிறார், கூலியை அவனிடமே பெற்றுக்கொள்வார்’ என்று கூறிக் கைவிடுவது மற்றொரு வகை. முன்னதற்குச் சில நூறு ரூபாய் செலவாகிறது. பின்னதற்கு அதுவும் இல்லை. இரண்டிற்கும் நன்றி எனப் பெயர் சூட்டிவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புகின்றோம். இவ்விரண்டும் நன்றி ஆகா என்பதே எமது வாதம்.

யாரைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். பதவிக்குப் போட்டியிட்டு அப்பதவியாலேயே பிழைப்போரைப் பற்றி அன்று. பகலெல்லாம் அலுவலகத்திலோ சிறு கடையிலோ உழைத்துவிட்டு, இஷாத் தொழுகைக்குப் பின் முஹல்லாவின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து அமர்கின்ற செயலாளர். நோன்புக் கஞ்சிக்காக அரசு வழங்கும் பச்சரிசியைப் பெற மனு எழுதி, அலுவலகப் படிகளேறி, மூட்டைகளை வண்டியிலேற்றிக் கொணர்ந்து, இறுதியில் ‘கஞ்சியில் உப்பில்லையே’ என்ற சொல்லையும் வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர். நள்ளிரவில் மையித்துச் செய்தி வந்தால் கஃபன் துணிக்கும் கபுருக்கும் ஏற்பாடு செய்யப் புறப்படுபவர். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் மனுக்களோடு அலையும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். இவர்களைப் பற்றியே பேசுகின்றோம்.

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, தாம்பரம் என நீளும் புறநகர்களில் இத்தகையோரின் தேவை பிற ஊர்களைக் காட்டிலும் மிகுதி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பைச் சுமந்துவரும் குடும்பங்கள் உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற வக்ஃபுச் சொத்துகள் உண்டு. இங்கே நிலைமை வேறு. தோல் தொழிலை நாடி வந்தவர்கள், நகரத்து வாடகை தாளாது வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்பை எண்ணி வந்தவர்கள் என எல்லோரும் வந்து குடியேறியவர்களே. பக்கத்து வீட்டுக்காரரின் சொந்த ஊர் எதுவென்று நமக்குத் தெரியாது. பரம்பரை நாட்டாண்மையோ அம்பலமோ இங்கில்லை. ஒரு பள்ளிவாசல் எழும்பியதென்றால், ஒரு மத்ரஸா நடக்கிறதென்றால், யாரோ நான்கு பேர் தம் மாலைப்பொழுதுகளை அதற்கு ஈந்தார்கள் என்றே பொருள். அந்த நான்கு பேரும் களைத்து ஒதுங்கினால் அவ்விடத்தை நிரப்ப மரபும் இல்லை, மாற்றாளும் இல்லை.

பம்மலையே எடுத்துக்கொள்வோம். அவ்வூரின் பெயரைச் சொன்னதும் நாடக மேதை சம்பந்த முதலியாரைப் பலரும் நினைப்பர். 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்துகொண்டே, பிழைப்புக்காக அன்றிக் கலைமேல் கொண்ட காதலுக்காக நாடகம் வளர்த்தவர். அவரும் ஒருவகையில் நம் தலைப்புக்கு உரியவரே. எனினும் நான் சொல்ல வந்தது மேடையைப் பற்றி அன்று, குப்பையைப் பற்றி.

1994ஆம் ஆண்டு பம்மல் சங்கரா நகரில் ஏறத்தாழப் பத்துப் பெண்கள் ஒன்றுகூடி மகளிர் மன்றம் ஒன்றைத் தொடங்கினர். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் மங்களம் பாலசுப்பிரமணியன் என்னும் அம்மையார். அந்நாளில் அத்தெருக்களின் குப்பையை முறையாக அள்ளுவதற்கு ஏற்பாடு ஏதுமில்லை. 1989இல் எம்.பி.நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், ‘தெரு உங்களுடையது, நீங்களே முறைப்படுத்துங்கள்’ என்ற கருத்தைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அது. இப்பெண்கள் அக்கருத்தைக் கையிலெடுத்தனர். தள்ளுவண்டியோடு வீடுவீடாகச் சென்று குப்பை வாங்க ஆள் அமர்த்தினர். அவர்களது ஊதியத்திற்கென வீட்டுக்கு வீடு மாதந்தோறும் ஒரு சிறு தொகை கேட்டனர். மக்கும் குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கினர். தெரு தெருவாக வளர்ந்த இம்முயற்சி, பிற்காலத்தில் ‘எக்ஸ்னோரா கிரீன் பம்மல்’ என்னும் பெயரோடு நகராட்சியின் துணையையும் பெரு நிறுவனங்களின் உதவியையும் பெற்றுப் பல வார்டுகளுக்குப் பரவியது. 2021 நவம்பரில் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியில் இணைக்கப்பட்டு, அந்நகராட்சியின் பெயர்ப்பலகையே மறைந்துவிட்டது. பத்துப் பெண்கள் தொடங்கிய வேலையின் பெயரோ வெளியூர்களிலும் பேசப்படுகிறது.

இதில் நமக்குரிய பாடம் குப்பை மேலாண்மை அன்று; அதுவும் தேவைதான், அதை வேறொரு நாள் பேசுவோம். இப்பெண்களுக்கு அத்தெருவார் எவ்வாறு நன்றி காட்டியிருக்க முடியும் என்று சிந்தித்துப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை மேடையேற்றிப் பாராட்டலாம். பாராட்டு முடிந்த மறுநாள் காலை, மீன் செதிலும் கண்ணாடித் துண்டும் குழந்தையின் கழிவுத் துணியும் ஒன்றாகக் கலந்த பையை வண்டிக்காரரிடம் நீட்டினால், அப்பாராட்டுக்கு என்ன பொருள்? மாதச் சந்தா கேட்டு வரும்போது ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று மூன்று முறை திருப்பியனுப்பினால், அந்த மாலை யாருக்காக? இத்தகைய பணியில் ஒருமுறையேனும் இறங்கியவர்கள் அறிவர்: குப்பையின் நாற்றம் பெரிதன்று, சந்தா கேட்டு நிற்கும் வாசற்படியின் வெப்பமே தாங்கொணாதது. அம்மன்றத்தாருக்கு உண்மையில் நன்றி செலுத்தியவர்கள், குப்பையை இரண்டாகப் பிரித்து வைத்தவர்களும், முதல் தேதியில் சந்தாவைக் கையில் எடுத்து வைத்துக் காத்திருந்தவர்களுமே. அவர்களுள் பலர் ஒரு பாராட்டுச் சொல்லும் சொல்லாதவராயிருக்கலாம். அதனால் குறையொன்றுமில்லை.

குப்பை அள்ளும் பணியாளர்களுக்குப் ‘பசுமைத் தூதர்கள்’ என்று பொருள்படும் பெயரை அங்கே சூட்டினர். நல்ல பெயர்தான். பெயரோடு சீருடையும் மாத ஊதியமும் சேர்ந்து வந்ததனாலேயே அது நல்ல பெயர். ஊதியம் தராது பெயரை மட்டும் மாற்றுவோமாயின் அது ஏளனமாகவே முடியும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவுக்கு வருகிறது. மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கிவந்த பெண்மணி ஒருவர் இறந்துபோனார். தோழர்கள் அவரை அடக்கம் செய்துவிட்டனர். நாயகத்திடம் சொல்லவில்லை, இதைப் பெரிய செய்தியாகக் கருதவும் இல்லை. நாயகமோ அவரைக் காணவில்லையே என விசாரித்தார்கள். இறந்த செய்தியறிந்து, தமக்கேன் அறிவிக்கவில்லை என வினவி, அடக்கத்தலம் எதுவெனக் கேட்டு அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சியைப் பலமுறை மேடைகளில் கேட்டிருக்கின்றோம். கேட்டுவிட்டு, எளியோரையும் மதிக்க வேண்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கின்றோம். அதில் இன்னொன்று உண்டு. அப்பெண்மணி வராதது நாயகத்தின் கண்ணில் பட்டது. யார் பெருக்குகிறார் என்று அறிந்து வைத்திருந்ததனாலன்றோ அவர் இல்லாமை தெரிந்தது! நம் பள்ளிவாசலின் ஹவுளைக் கழுவுபவர் நாளை வராவிட்டால், பாசியை மிதித்து நாமே வழுக்கிய பின்புதான் அவரை நினைப்போம்.

இனி, ‘அல்லாஹ்வுக்காகச் செய்கிறார்’ என்னும் வாதத்திற்கு வருவோம். இதுவே மிகுந்த ஆபத்தானது. ஏனெனில் மார்க்கத்தின் உடையணிந்து வருகிறது. ஏழைக்கும் அநாதைக்கும் சிறைப்பட்டவருக்கும் உணவளிப்போர், ‘உங்களிடம் பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் நாடவில்லை’ என்ற கருத்தில் பேசுவதாகத் திருமறையின் தஹ்ர் அத்தியாயத்தில் வருகிறது. அவ்வார்த்தையை யார் சொல்கிறார்? உணவு கொடுத்தவர் சொல்கிறார். உண்டவர் சொல்லவில்லை! ஈந்தவரின் நாவில் இக்லாஸாக ஒலிக்கும் அதே வார்த்தை, பெற்றவரின் நாவில் ஏறினால் வெறும் தட்டிக்கழித்தல். நன்றியை எதிர்பாராதிருப்பது பணி செய்பவரின் கடமை. நன்றி செலுத்துவது பயன் பெற்றவரின் கடமை. அவருடைய கடமையை நாம் எடுத்து ஓதிவிட்டு, நம்முடையதை அவருடைய நிய்யத்தின் பின்னே ஒளித்து வைக்கின்றோம். மனிதருக்கு நன்றி பாராட்டாதவன் இறைவனுக்கும் நன்றியுடையவனாகான் என்ற கருத்தமைந்த நபிமொழி நமக்காகச் சொல்லப்பட்டதேயன்றி, செயலாளருக்காக அன்று.

ஹள்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்பும் தோளில் துணிகளைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள். வழியில் கண்ட உமர் (ரலி) அவர்கள் இது எவ்வாறு பொருந்தும் எனக் கேட்க, என் குடும்பத்திற்கு எதைக் கொண்டு உணவளிப்பேன் என்று திருப்பிக் கேட்டார்கள். அப்போது உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? புகழுரை நிகழ்த்தவில்லை, ‘அல்லாஹ் போதுமானவன்’ என்று வாழ்த்தி வழியனுப்பவும் இல்லை. அபூஉபைதா (ரலி) அவர்களிடம் அழைத்துச் சென்றார்கள். பொதுநிதியிலிருந்து குடும்பச் செலவுக்குத் தக்க தொகை குறிக்கப்பட்டது. அவர்களது இக்லாஸில் எவரேனும் குறை காண முடியுமா? பொறுப்பேற்றவரின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று விசாரிப்பது அவரது இக்லாஸுக்கு இழுக்கென எண்ணுவது, நாம் பிற்காலத்தில் நமது வசதிக்காகக் கற்பித்துக்கொண்டது.

பொன்னாடைக்கு வருவோம். இதன் கதை யாவரும் அறிந்ததே. ஒரு கூட்டத்தில் போர்த்தப்பட்டது மறு கூட்டத்தில் மற்றொருவர் தோளில் ஏறுகிறது. மடிப்புக் குலையாமல் ஊர் சுற்றிவரும் ஒரே பயணி அதுவே. அதனைப் பெற்றவர் எங்கே வைப்பதென்று தெரியாமல் அலமாரியின் மேல்தட்டில் செருகி வைக்கிறார். இந்தச் சடங்கைக் கூட மன்னித்துவிடலாம்; அதோடு சேர்ந்துவரும் முகத்துதியை மன்னிக்க இயலவில்லை. உஸ்மான் (ரலி) அவர்களை முகத்துக்கு நேரே ஒருவர் புகழ்ந்தபோது, மிக்தாத் (ரலி) அவர்கள் மண்டியிட்டுப் பொடிக்கற்களை அள்ளி அவர் முகத்தில் வீசினார்கள் என்று ஹதீஸ் நூல் கூறுகிறது. நம் ஆண்டுவிழாக்களில் அவர் வந்து அமர்வாராயின், பல்லாவரத்துக் கல்குவாரி முழுவதும் போதாது.

மேடையை விட்டிறங்கி, புகழ்ச்சி இப்பொழுது சாலையை மறித்தும் நிற்கிறது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், திருமண விழாவுக்கு வருகின்ற பிரமுகர்களை வரவேற்கச் சாலை நடுவே வைத்த பேனர் ஒன்று சரிந்து, இருசக்கர வண்டியில் பணி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இளம் பெண் பொறியாளர்மேல் விழுந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் உயிரைக் குடித்தது. அது நம் ஜமாஅத்தின் பேனர் அன்று என்று எவரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ‘ஹஜ் முடித்துத் திரும்பும் எங்கள் தலைவரே வருக’ என்று முழு உயரப் படத்தோடு நாமும் சாலை ஓரத்தில் கட்டியவர்களே.

பெயர் சூட்டிக் கடன் தீர்க்கும் வழக்கமும் உண்டு. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களை இப்பகுதியினர் நன்கறிவர். தோல் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். நம் குரோம்பேட்டையில் வாழ்ந்தவர். 1948இல் பலரும் ஒதுங்கி நின்ற நேரத்தில் சமுதாயத்தின் தலைமையைத் தோளில் ஏற்று, 1972 ஏப்ரலில் மறையும்வரை சுமந்தவர். அவருக்கு இரண்டு நன்றிகள் செலுத்தப்பட்டன. 1974இல் சென்னை அண்ணா சாலையில் அவர் பெயரால் அரசு மகளிர் கல்லூரி எழுந்தது. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த மாவட்டத்திற்கு நாகை காயிதே மில்லத் மாவட்டம் என்று பெயர் வைத்தனர். 1997இல் மாவட்டங்களுக்கு இட்டிருந்த தலைவர்களின் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. அதற்காக வருந்தியோர் உண்டு. நான் வருந்தவில்லை. பலகையில் இருந்த பெயர் ஓர் அரசாணையால் வந்தது, மற்றோர் ஆணையால் சென்றது. கல்லூரியில் ஆண்டுதோறும் பெண்கள் படித்து வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்; அவர்களுள் நம் வீட்டுப் பெண்களும் உண்டு. அவர் எதற்காக உழைத்தாரோ அவ்வேலையை அந்த நன்றி இன்றும் தொடர்கிறது. இரண்டாவது நன்றிக்கும் முதலாவதற்கும் உள்ள வேற்றுமையே நான் கூற வந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை இப்பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைபுரண்டு அனகாபுத்தூரும் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் நின்றன. பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தன. இளைஞர்கள் கழுத்தளவு நீரில் இறங்கினர். ஊரப்பாக்கத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை மீட்ட யூனுஸ் என்னும் இளைஞரின் பெயரையே, அத்தம்பதியர் பின்னர் பிறந்த தம் பெண்குழந்தைக்குச் சூட்டினர் என்பது அப்போது செய்தித்தாள்களில் வந்தது. இந்துப் பெற்றோர் தம் மகளுக்கு ஒரு முஸ்லிம் ஆணின் பெயரை இட்டனர்! நம் சங்கங்கள் அனைத்தும் சேர்ந்து அளித்த கேடயங்களைவிட அது கனமானது. ஏனெனில் அவர்கள் தம் வாழ்நாள் முழுதும் அழைக்கப்போகும் பெயரை ஈந்தனர். ஆனால் அத்தகைய நன்றி ஒருவருக்கு வாய்த்தது. அவ்வாரத்தில் நீரில் இறங்கிய மற்றவர்களுள் எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது, எத்தனை பேரின் வண்டி பழுதானது, எத்தனை பேர் வேலைக்குப் போகாத நாள்களின் கூலியை இழந்தனர் என்று எந்த ஜமாஅத் கேட்டுக் குறித்து வைத்தது? நினைவுக் கேடயத்தில் பெயர் பொறிப்பதற்கு முன்பு, மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா?

பெண்கள் திறத்தில் நம் கணக்கு இன்னும் மோசம். பம்மல் மன்றத்தைத் தொடங்கியோர் பெண்கள் என்று மேலே கூறினேன். நம் முஹல்லாக்களில் பெண் மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடுபவர் யார்? மத்ரஸாப் பிள்ளைகளில் எவள் வீட்டில் நேற்று உலை ஏறவில்லை என்பதை அறிந்து, சத்தமின்றி அரிசி அனுப்புபவர் யார்? வறியவள் நிக்காஹுக்குப் பத்து வீடு ஏறிப் புடவையும் பாத்திரமும் சேர்ப்பவர் யார்? இவர்களெல்லாம் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘தாய்மார்கள்’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகின்றனர். அறிக்கை அச்சிட்ட அச்சகத்தின் பெயருக்குக் கிடைத்த இடம்கூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. வெளியே பெயர் சொல்வது மரபன்று எனச் சிலர் கூறுவர். சரி, பெயர் வேண்டாம். இரவில் மையித்து வீட்டுக்குச் சென்று திரும்ப அப்பெண்மணிக்கு ஆட்டோக் கட்டணம் கொடுத்தீர்களா என்று கேட்கின்றேன். அதற்கு எந்த மரபு குறுக்கே நிற்கிறது?

‘அப்படியானால் அவர்களைக் கேள்வியே கேட்கக் கூடாதா?’ என்று ஒருவர் எழக்கூடும். கேட்க வேண்டும். வக்ஃபுச் சட்டமே முத்தவல்லி ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நாணயமானவருக்குக் கணக்குக் கேட்கப்படுவதுபோல் மதிப்பு வேறில்லை. பொதுக்குழுவில் நேருக்கு நேர் கேட்டு, ரசீதுகளைப் பார்த்து, சரியென்று கையொப்பமிட்டால் அவர் மறுநாள் நிமிர்ந்து நடப்பார். ஆனால் நடப்பது என்ன? கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது பிரியாணி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்ப்பவர்களே, மறுநாள் தேநீர்க் கடையில் ‘புது வண்டி வாங்கியிருக்கிறாராமே’ என்று ஆரம்பிக்கின்றனர். அவர் அவ்வண்டியைத் தவணையில் வாங்கினார் என்பதும், பாதி பெட்ரோல் நம் வேலைக்கே எரிகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே பேசுவார்கள். இந்த ஒரு பேச்சால் ஒதுங்கிக்கொண்ட நல்லவர்களை எண்ணினால், ஒவ்வொரு முஹல்லாவிலும் ஒரு புதிய நிர்வாகக் குழுவையே அமைத்துவிடலாம்.

நோன்புக்கு முன்னர் ஜமாஅத்துகள் கூடும் காலம் வருகிறது. செலவுத் திட்டத்தில் பொன்னாடைக்கும் கேடயத்திற்கும் எழுதப்படும் வரியை அடித்துவிட்டு, அவ்விடத்தில் பொறுப்பாளர்களின் போக்குவரத்துச் செலவையும் தொலைபேசிச் செலவையும் எழுதுங்கள். அவர்கள் வேண்டாமென்று மறுப்பார்கள், மறுத்தாலும் எழுதுங்கள். தெருவுக்கு ஒருவர் வீதம் சந்தாப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கஞ்சி அரிசிக்கான மனுவை இவ்வாண்டு வேறொருவர் எழுதட்டும். இரவு பத்து மணிக்கு மேல் செயலாளரை அழைப்பது மையித்துச் செய்திக்கு மட்டுமே என்று தீர்மானம் போடுங்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் ஒருவரையே ஒரு பொறுப்பில் கட்டி வைக்காதீர்கள். ‘உங்களைவிட்டால் ஆளில்லை’ என்பதைப் பாராட்டாக எண்ணிச் சொல்கிறோம், கேட்பவருக்கோ அது விலங்கு பூட்டும் ஓசை. பல ஜமாஅத்துகளில் செயலாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஓய்வு கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பள்ளியின் சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தாயிற்று. எடுத்துக்கொள்ள இன்னும் எவரும் எழவில்லை.